துக்க வீட்டுத் தொகுதி

போன் அலறியது!

எவாரிஸ்ட் எடுக்கவில்லை.

பிரச்சார அலுவலகத்தில் போஸ்டருக்குப் பசை தடவிக்கொண்டிருந்த தொண்டர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். மணி ஓய்ந்து, மறுபடியும் அலறியது.

"அண்ணே... எடுங்கண்ணே!"

எடுத்தான். மறுமுனையில் அண்ணி ஒடில்.

"தம்பி... உங்கண்ணன்... மலை வளைவுல வண்டி பிரேக் பிடிக்கலையாம்... வாழைத்தாரோட பள்ளத்துல..."

அதற்கு மேல் பேச்சில்லை. ஓலம்தான்!

எவாரிஸ்டின் கையிலிருந்து ரிசீவர் நழுவியது. முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். அது அவன் கண்ணாடி முன் நின்று பல நாள் பழகிய அழுகை என்று தெரிவிக்க நேர்ந்தமைக்கு வாசகப் பெருமக்கள் பொறுத்தருள வேண்டும்.

ஆம்... அண்ணன் ஜெர்மேனின் வண்டியில் பிரேக் குழாயை அறுத்தவன் எவாரிஸ்ட்தான்!

காரணம், ஒரு தொகுதி.

செயின்ட் லூசியா தீவின் மோர்ன் கலபாஸ் தொகுதியில் இருமுறை நின்று இருமுறையும் மண்ணைக் கவ்வியவன் அவன். இம்முறையும் தோற்றால் கட்சி அவனை வாசற்படி மிதிக்க விடாது. அந்தக் கவலையோடு சென்ற மாதம் அண்ணன் வீட்டில் கொக்கோ டீ குடித்துக்கொண்டிருந்தபோதுதான் ஒடில் சிரித்தாள்.

"ரோடு போடறேன், தண்ணி கொண்டுவரேன்னு பேசியே தோத்தீங்க தம்பி. நம்ம தொகுதி என்னிக்குத் தண்ணிக்கு ஓட்டுப் போட்டிருக்கு?"

"வேற எதுக்குப் போடுது அண்ணி?"

"கண்ணீருக்கு! யோசிச்சுப் பாருங்க. முதல் எலெக்‌ஷன்ல ஜெயிச்ச அன்ட்வான்... அதுக்கு முந்தின வாரம் மகனைக் கடலுக்குக் காவு குடுத்தவர். அவரைத் தோற்கடிச்ச ஃபெலிக்ஸ்... புயல்ல அம்மாவைப் பறிகொடுத்தவர். போன தடவை உங்களைக் கவுத்த ஹிலேர்? பொண்டாட்டியைப் புதைச்ச ஈரம் காயறதுக்குள்ள மேடை ஏறின மனுஷன்! கறுப்புத் துணி போட்டவனுக்குத்தான் இங்க ஸீட்டு."

வாய் நிறைய உப்பு மீனோடு ஜெர்மேன் குலுங்கிச் சிரித்தான்.

"பாவம்டா நீ! உனக்குன்னு சாகக்கூட ஒரு நாதி இல்ல... என்னைத் தவிர!"

அது வேடிக்கைப் பேச்சு என்று அண்ணன் நினைத்தான்.

தம்பி அப்படி நினைக்கவில்லை!

*

அன்று மாலை துக்க வீட்டு முற்றத்தில் ஊரே திரண்டது. சாவு வீட்டில் விடிய விடிய விழித்திருக்கும் தீவு வழக்கப்படி டோமினோ கட்டைகள் பலகையில் அறைபட்டன. ரம்மும் காப்பியும் சுற்றி வந்தன. எவாரிஸ்ட் கறுப்புக் கோட்டுடன் வாசலிலேயே நின்று, வருகிறவர்களுக்கெல்லாம் கையை நீட்டினான்.

யாரும் அந்தக் கையை முதலில் பற்றவில்லை.

அத்தனை பேரும் அவனைக் கடந்து ஒடிலிடம் சென்றார்கள். அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். திரும்பும் வழியில்தான் அவன் தோளைத் தட்டினார்கள். துக்க வீட்டில் யார் முதல், யார் அடுத்து என்பதில் அந்த ஊர் ஒருபோதும் தவறியதில்லை.

எவாரிஸ்ட் அதைப் பொருட்படுத்தவில்லை. தலைகளை எண்ணிக்கொண்டிருந்தான்... ஓட்டுகளாக!

சார்ஜென்ட் மாத்துரின் அவனை ஓரமாக அழைத்தார்.

"தப்பா நினைக்காதீங்க சார். பிரேக் குழாய் தானா அறுந்து போகல... யாரோ அறுத்திருக்காங்க."

"ஐயோ! அப்ப அந்த மெக்கானிக் ஃபாபியன்தான்! ஹிலேர் கட்சிக்காரன். போன வாரம் வண்டி அவன்கிட்டதான் நின்னுச்சு!"

ஒரு டோமினோ ஆட்டம் முடிவதற்குள் ஃபாபியன் லாக்கப்பில் உதடு கிழிந்து கிடந்தான். அவன் மனைவி கைக்குழந்தையோடு ஸ்டேஷன் வாசலில் கதறிக்கொண்டிருப்பதாக யாரோ வந்து சொன்னார்கள்.

எவாரிஸ்ட் இன்னொரு கோப்பை ரம் கேட்டு வாங்கினான்.

மறுநாள் கல்லறையில் ஹிலேரே வந்து தொப்பியைக் கழற்றினார். ஊர் முழுக்கக் கேட்கும்படி அறிவித்தார்.

"எவனோ செஞ்ச பாவத்துக்கு என் கட்சி பேரும் கெட்டுப்போச்சு. இந்தக் குடும்பத்துலேர்ந்து யார் நின்னாலும் நான் எதிர்த்து நிக்கல!"

எவாரிஸ்ட் கைக்குட்டையால் வாயைப் பொத்தினான். விம்மலை அடக்குகிறான் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

அடக்கியது சிரிப்பை!

*

வேட்புமனு நாள். தேர்தல் அதிகாரியின் அலுவலக வாசலில் கட்சித் தலைவர் ஃபெலிசியன் அவனைக் கட்டி அணைத்தார்.

"எதிர்ப்பே இல்ல எவாரிஸ்ட்! ஸீட்டு நம்ம கையில!"

"ரொம்ப நன்றி தலைவரே..."

"நீ எதுக்குப்பா நன்றி சொல்ற? சம்மதிச்சதுக்கு நாங்கதான் ஒடிலுக்கு நன்றி சொல்லணும்."

"ஒ... ஒடிலா?"

"பின்னே? கட்டினவ கறுப்பு உடுத்தி நிக்கறப்ப தம்பி போட்ட கறுப்பை எவன் பாப்பான்? ஊரே அவளைத்தான் கேக்குது. உன் பேரை எடுத்தாச்சு. மொத ஆளா நீயே முன்மொழிஞ்சு கையெழுத்துப் போடு. எல்லாரும் பாக்கட்டும்!"

கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. சார்ஜென்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

கையெழுத்துப் போட்டான்!

நேரம் முடிந்தது. வேறு மனு வரவில்லை. ஒடில் போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டதாக அதிகாரி அறிவித்தார். வெளியே ஆரவாரம் கிளம்பியது. எவாரிஸ்ட் அவளைப் பின்பக்க வராந்தாவில் மடக்கினான்.

"என்ன அண்ணி இது? முதுகுல குத்திட்டீங்களே!"

"மெதுவா பேசுங்க தம்பி. அன்னிக்கு எல்லாரும் பூசைக்குப் போனப்ப எனக்குத் தலைவலி. ஜன்னலோரம் படுத்திருந்தேன். வண்டிக்கு அடியில ரெண்டு கால் நீட்டிட்டு இருந்துச்சு. உங்க கால்!"

எவாரிஸ்ட் சுற்றுமுற்றும் பார்த்தான்.

"பா... பாத்தீங்களா? அப்ப அண்ணன்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா நான் விதவை ஆகியிருப்பேனா?"

"அப்ப... சார்ஜென்ட்கிட்ட?"

"எதுக்கு? அதான் ஃபாபியன் இருக்கானே. நீங்களும் உள்ள போயிட்டா எனக்குன்னு யாரு இருக்கா?"

அவனுக்கு உயிர் திரும்பியது. கண்கள் கலங்கின. இம்முறை நிஜமாகவே!

"அண்ணி... என்னைக் காப்பாத்திட்டீங்க!"

ஒடில் முகத்தின் மேல் கறுப்பு வலையை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"காப்பாத்தித்தானே ஆகணும்? இந்தத் தொகுதியில ஒரு சாவு ஒரு எலெக்‌ஷனுக்குத்தான் தாங்கும். அடுத்ததுக்கு எனக்கு மிச்சமிருக்கிற ஒரே சொந்தம் நீங்கதான்... அஞ்சு வருஷம் உடம்பைப் பத்திரமா பாத்துக்கோங்க தம்பி!"