அசையாதது மட்டும்

“வெறும் தொட்டிலையா ஆட்டினே?”

“படம் எப்படி விழுதுன்னு பார்க்கத்தான் ஓபா, ஒரே ஒரு தடவை—”

“பொறந்து நாப்பது நாள் கழியலை, விளக்கை வேற அணைச்சுட்டு—”

“விளக்கு கேமராவுக்கு நேரா இருக்கு, எரிஞ்சா படமே வெளுத்துப்போகுதுங்கறேன்—”

“படமாம் படம்! பச்சைப் புள்ளை படுக்கிற இடம்டி அது. ஆள் இல்லாம ஆட்டினா, எதையோ வா வந்து படுன்னு கூப்பிடற மாதிரி.”

“வரட்டுமே. அதையும் ஒரு படம் எடுத்து உங்க தம்பிக்கு அனுப்பிடறேன்.”

நாத்தனார் ஹோலிதா ஓபா சிரிக்கவில்லை. தம்பி மகனை அவன் தாய் சனோபரின் கையில் திணித்துவிட்டு, மாவுத் தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு முற்றத்து அடுப்புக்குப் போய்விட்டாள்.

நல்ல படமாக எடுத்து அனுப்புவதைத் தவிர சனோபருக்கு வேறு வழி இல்லை. பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே மாஸ்கோவுக்குக் கட்டட வேலைக்குப் போனவன் அவள் கணவன். போனில் அனுப்பிய படங்களைப் பார்த்து, “மூக்கு யார் ஜாடைன்னே தெரியலையே” என்று சலித்துக்கொண்டான். பிறகு, ஊருக்கு வந்த யாரிடமோ ஒரு பழைய கேமராவைக் கொடுத்தனுப்பினான். பாடமெல்லாம் போனில் பார்த்த வீடியோக்கள்தான். வெளிச்சம் குறைந்தால் ஷட்டரை அதிக நேரம் திறந்து வை. கேமராவை ஸ்டாண்டில் நிறுத்து. அசையாதது மட்டும் தெளிவாக விழும், அசைவதெல்லாம் கரைந்துபோகும்.

பிள்ளையை, தரையில் வளைகால்களில் ஆடும் மரத்தொட்டிலில் கிடத்தி, நெஞ்சுக்கும் காலுக்கும் குறுக்கே அகலத் துணிப்பட்டைகளை இழுத்துக் கட்டினாள். இனி அவன் தலையைத் திருப்பலாம், வாயைத் திறக்கலாம், அவ்வளவுதான். கண்ணேறு போக காலையில் போட்ட மூலிகைப் புகையின் கசப்பு இன்னும் கம்பளத்தில் ஒட்டியிருந்தது. ஜன்னலுக்கு வெளியே பனி விழுந்து விழுந்து மர்கிலான் நகரின் தெருச் சத்தங்களையெல்லாம் பஞ்சுபோல் அமுக்கிவிட்டிருந்தது. அவன் தூங்கிப்போனான். தூக்கம் ஆழமாகும்வரை பொழுது போக, சற்றுமுன் வெறும் தொட்டிலை ஆட்டி எடுத்த படத்தைத் திரையில் பெரிதாக்கினாள்.

தொட்டிலை ஆட்டிய அவள் கை புகையாய்க் கரைந்திருந்தது. சரி.

தொட்டில் கரையவில்லை. கைப்பிடிக் கட்டையில் தீட்டிய சிவப்புப் பூவின் இதழ்கூடத் தெளிவு.

ஆட்டினேனே. நன்றாகத்தானே ஆட்டினேன்? ஷட்டரை வேகமாக வைத்துவிட்டேனோ என்று எண்ணைப் பார்த்தாள். இல்லை, சரியாகத்தான் இருந்தது. யாரோ அந்தப் பக்கம் இறுக்கிப் பிடித்துக்கொண்டது மாதிரி. சே, ஓபாவின் பேச்சு தலைக்கேறிவிட்டது.

விளக்கை அணைத்தாள். டைமரை அழுத்திவிட்டு, மரத்தரை அதிராமல் இருக்க, சுவரோடு ஒட்டி மூச்சடக்கி நின்றாள். ஜன்னலில் பனியின் நீல வெளிச்சம். ஷட்டர் திறந்தது. நீண்ட மௌனம். மூடியது. தொட்டில் இம்மியும் அசையவில்லை. அவள் கண்ணெதிரே அப்படியே இருந்தது.

திரையில் முதலில் தெரிந்தது முகம். எவ்வளவு தெளிவு! இமை மயிர், உதட்டு மடிப்பு, மூக்கு. “உங்க மூக்கேதான்” என்று வாய்விட்டுச் சொல்லிச் சிரித்தாள்.

பிறகுதான் மற்றதைப் பார்த்தாள்.

கம்பளம் தெளிவு. சுவர் தெளிவு. தொட்டில் மட்டும், யாரோ விடாமல் ஆட்டியதுபோல், இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாகக் கரைந்திருந்தது. அதற்கு நடுவே அந்த முகம்.

தொட்டிலோடு சேர்த்துக் கட்டிய பிள்ளை. தொட்டில் கரைந்தால் அவனும் கரையவேண்டும்.

டொக்.

தரையில் தொட்டில் கட்டை தட்டும் சத்தம்.

டொக். டொக்.

அவள் பாய்ந்தாள். இருட்டில் துணிப்பட்டைகளைத் தேடினாள். கட்டியிருந்தாளே, முடிச்சு எங்கே? கை வைத்ததுமே அவை தளர்ந்து வழிந்தன. அள்ளினாள். நெஞ்சோடு அணைத்தாள். ஓடினாள். ரொட்டிக் கூடையோடு வாசற்படி ஏறிவந்த ஓபாவை இடித்துக்கொண்டு, செருப்பில்லாமல் முற்றத்துப் பனிக்குள் இறங்கினாள்.

“பைத்தியமாடி உனக்கு!” என்றபடி ஓபா உள்ளே போனாள்.

பிள்ளை இருக்கிறான். கையில் இருக்கிறான். அது போதும்.

அவள் மூச்சு வெள்ளை ஆவியாகக் கிளம்பி அவன் முகத்தின் மேல் கலைந்தது. மறுபடி கிளம்பியது. அவளுடையது மட்டும். அவன் மூக்கருகே குளிர்காற்று சலனமின்றி நின்றது. பனித்துகள் ஒன்று அவன் இமைமேல் விழுந்தது. கரையவில்லை. இன்னொன்று.

கண் திறந்திருந்தது. அவளையே பார்த்தது. சிமிட்டவில்லை.

உள்ளே விளக்கு எரிந்தது. வீறிட்டு ஓர் அழுகை. அவள் மகனின் அழுகை. ஜன்னலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

“சனோபர்! புள்ளையை இங்க கட்டோட கதறவிட்டுட்டு, வெளியே யாரைடி தூக்கி வெச்சிருக்கே?”