மூட்டை போகும் வேகம்

எங்கள் நாய்க்கு மூட்டை என்று பெயர். காலையில் வீட்டிலிருந்து நடந்து போகும். திரும்பி வரும்போது அப்பாவின் தோளில் வரும்.

அப்பா பஸ் டிரைவர். ஒரு நிமிடம் தாமதமானாலும் அவருக்குத் தலையே போய்விடும். "எடை கூடிடுச்சு, தினமும் நடக்க வைங்க" என்று கால்நடை மருத்துவர் சொன்ன அன்றே, ஓர் அட்டவணை எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டிவிட்டார். வீடு ஆறு பத்து. பேக்கரி ஆறு பதினைந்து. பூங்கா ஆறு இருபது. மறுபடி வீடு ஆறரை.

மூட்டைக்கு அட்டவணை படிக்கத் தெரியாது. அப்பாவின் பின்னால் இழுபட்டுக்கொண்டே ஓடும். பூங்கா வாசல் வந்ததும் தொப்பென்று படுத்துவிடும். அப்புறம் கெஞ்சினாலும் கொஞ்சினாலும் அசையாது.

"இன்னைக்கும் பல்லக்குதானா?" என்று பேக்கரிக்காரர் தினமும் கேட்பார். அப்பாவின் முகம் சுருங்கிவிடும்.

புதன்கிழமை சாயங்காலம் அப்பா அத்தையுடன் போனில் பேசினார். பேசி முடித்ததும் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

"அத்தை வீட்டுல பெரிய தோட்டம் இருக்கு. அவிழ்த்து விட்டா அதுபாட்டுக்குத் திரியும். ஞாயித்துக்கிழமை வந்து கூட்டிட்டுப் போறாங்களாம்."

நான் மூட்டையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"அதுக்குள்ள மூட்டை பூங்காவுக்குப் போயிட்டு நடந்தே வீட்டுக்கு வந்துட்டா?"

"வந்தா பார்க்கலாம்."

"அப்போ நாளையிலேர்ந்து நான் கூட்டிட்டுப் போறேன்."

மறுநாள் நானும் முதலில் இழுக்கத்தான் செய்தேன். மூச்சு வாங்கியபடி மூட்டை என்னை நிமிர்ந்து பார்த்தது. அப்போதுதான் அதன் குட்டைக் கால்களைக் கவனித்தேன். நான் ஓர் எட்டு வைத்தால் அது நாலு எட்டு வைத்தது. நாங்கள் நடக்கும்போதெல்லாம் பாவம், அது ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. இத்தனை நாள் இதைப் பார்க்காமல் இருந்தோமே என்று வெட்கமாக இருந்தது.

"சரி, நீ முன்னால போ" என்று கயிற்றைத் தளர்த்தினேன்.

மூட்டை ஒவ்வொரு விளக்குக் கம்பத்திலும் நின்று மோந்து பார்த்தது. மோந்து முடிப்பதற்குள் மூச்சு வாங்குவது குறைந்துவிட்டது. பேக்கரிப் படியில் உட்கார்ந்தது, நானும் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் தானாகவே எழுந்தது. அன்று பேக்கரியிலிருந்தே திரும்பிவிட்டோம்.

"பல்லக்கு எங்கே?" என்றார் பேக்கரிக்காரர்.

"பல்லக்குக்கு லீவு" என்றேன்.

வெள்ளிக்கிழமை இன்னும் நாலு கம்பம் தூரம் போனோம். சனிக்கிழமை பூங்கா கண்ணுக்குத் தெரியும் இடம் வரை.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் வந்தார். மூன்றாவது கம்பத்திலேயே அவருக்குப் பொறுமை போய்விட்டது.

"இங்கயும் நிக்கணுமா?"

"அப்பா, நீங்க ஓட்டுற பஸ் எல்லா ஸ்டாப்லயும் நிக்குமா?"

"டவுன் பஸ்னா நிக்கும். எக்ஸ்பிரஸ்தான் நிக்காது."

"மூட்டை டவுன் பஸ்ப்பா."

 அதற்குப் பிறகு அப்பாவின் நடை மெதுவானது.

பூங்கா வாசலில் மூட்டை வழக்கம்போலப் படுத்துவிட்டது. எனக்குப் பக்கென்றது. அப்பா அதைத் தூக்கப் போனார்.

"வேணாம்ப்பா. நாமளும் உட்காருவோம்."

இருவரும் நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்தோம். ஒரு சைக்கிள் போனது. பால் வண்டி போனது. அப்பா ஒரு தடவைகூடக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. நான்தான் இரண்டு தடவை பார்த்தேன்.

மூட்டை எழுந்தது. உடம்பை ஒரு உதறு உதறிவிட்டு, வீட்டுப் பக்கம் திரும்பி நடக்கத் தொடங்கியது. வழியெல்லாம் நின்று நின்றுதான் போனது. ஆனால் யாரும் தூக்காமல், தன் நாலு காலால் எங்கள் வாசல்படி ஏறியது. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

வாசலில் அத்தை ஒரு பெரிய கூடையுடன் நின்றிருந்தார்.

"ஆறரைக்கு வந்துடுவோம்னு சொன்னியேடா. மணி ஏழரை. இவ்வளவு லேட்டா?"

"லேட் இல்லக்கா" என்றார் அப்பா. "வண்டி சரியான நேரத்துக்குத்தான் வந்திருக்கு. நான் போட்ட டைம்தான் தப்பு."

அத்தை அந்தக் கூடையைக் காலியாகவே எடுத்துக்கொண்டு போனார்.