நாலாம் பக்கத்தின் பின்புறம்

"நாப்பது பேருக்கு உப்புமா, நாப்பது பேருக்குக் காப்பி! இன்னிக்குப் பார்த்து இவ ஊருக்குப் போறாளாம்! கேட்டியாடா வெங்கிட்டு?"

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கே அம்மிணியின் நாத்தனார் ருக்கு ஆரம்பித்துவிட்டாள். மாட்டுங்காவில் அந்தக் கட்டடத்தின் மூன்று மாடிக்கும் விஷயம் போய்ச் சேரட்டும் என்ற நல்லெண்ணம் குரலில் இருந்தது.

அம்மிணி அடுப்படியில் ரவையை வறுத்தாள். இரண்டு மாத ரேஷனில் அவள் மிச்சம் பிடித்த ரவை.

அவள் கணவர் வெங்கடராமன் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் ஹெட் கிளார்க். பதினோரு வருஷமாகக் கிராம முன்னேற்ற சபைக்குத் தலைவர். முன்னேறிய கிராமம் எது என்று கேட்பது மரியாதை இல்லை. இன்று காலை கீழ்த்தள ஹாலில் அவருடைய பிரசங்கம்: 'கிராம முன்னேற்றத்தில் ஐக்கிய சங்கங்களின் பங்கு'. கெட்ட மனுஷர் இல்லை. அம்மிணிக்குத் தலைவலி என்றால் தைலம் தேய்த்துவிடுவார். என்ன, டென்மார்க் தேசத்து வெண்ணெய்ச் சங்கங்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டேதான் தேய்ப்பார்.

"ஏன்னா... வியாழக்கிழமை கூட்டம். இன்னிக்கு ரயில் ஏறினாத்தான் பாலக்காடு போய்ச் சேர முடியும்" என்றாள் அம்மிணி.

அவள் அப்பா விட்டுப்போன அரை ஏக்கர் வயலுக்காக ஊர் விதைநெல் ஐக்கிய சங்கத்தில் அவளும் ஓர் அங்கத்தினர். விதைப்புக்குச் சங்கம் நெல் கொடுக்கும். அறுவடையில் கொஞ்சம் கூட்டித் திருப்பி அளந்துவிட வேண்டும். யார் வாசலிலும் போய்க் கைகட்டி நிற்க வேண்டாம். கைகட்டி நின்றால்தான் பிடிக்கும் என்கிற பெரிய மனுஷர் ஒருவர், அங்கத்தினர் இருபத்தைந்து பேரில் பாதிப் பேரை மிரட்டிக் கூட்டத்துக்கு வராமல் செய்துகொண்டிருந்தார். பதின்மூன்று பேர் சேராமல் இரண்டு கூட்டம் கலைந்தாயிற்று. மூன்றாவதும் கலைந்தால் சங்கத்தையே மூடிவிட உத்தரவு. 'பன்னிரண்டு பேர் இருக்கிறோம் அக்கா. பதின்மூன்றாவது நீதான்' என்று தம்பி நாணு எழுதியிருந்தான்.

"நோட்டீஸ் அனுப்பினேன், அனுப்பினேன்னு எழுதறான். ஒரு நோட்டீஸ் கூட வரலையே! உன் தம்பி புளுகன்!" என்றார் வெங்கடராமன். "வயலை அமுக்கப் பார்க்கறான், நீ ஒரு அசடு..."

"அவன் பொய் சொல்ல மாட்டான்னா..." அம்மிணி கரண்டியைக் கீழே வைத்தாள். "ஆறு வருஷமா ஊருக்குன்னு வெச்ச ரயில் சார்ஜெல்லாம் உங்க மாநாட்டுக்குப் போச்சு. நாணு கல்யாணத்துக்குக் கூட நான் போகலை. ஒரு நாள் வாயைத் திறந்திருப்பேனா?"

அவர் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார்.

அப்போதுதான் காற்று அடித்து, பிரசங்கக் காகிதங்கள் கூடமெல்லாம் பறந்தன. காகிதத்துக்குப் பஞ்சமான காலம். எழுதிய காகிதத்தின் பின்பக்கத்தில்தான் அவர் எழுதுவார். பொறுக்கி அடுக்கிய அம்மிணி நாலாம் பக்கத்தைத் திருப்பினாள். அச்சடித்த எழுத்தில் அவள் பெயர்! வியாழக்கிழமைக் கூட்டத்துக்கு வந்த நோட்டீஸ். 'இதைக் கையில் கொண்டுவந்தால்தான் அனுமதி' என்று அடியில் போட்டிருந்தது.

நாணு புளுகன் இல்லை.

எடுத்துக்கொண்டால் என்ன? அவள் பெயர்தானே, அவள் காகிதம்தானே? ஆனால் நாற்பது பேர் நடுவே அவர் மூன்றாம் பக்கத்திலிருந்து ஐந்தாம் பக்கத்துக்குத் தாவி விழிப்பது கண்ணில் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாலாம் பக்கத்தை அது இருந்த இடத்திலேயே சொருகினாள்.

உப்புமாவை இறக்கி, காப்பிக்கு டிகாக்ஷன் போட்டுவிட்டு, டிரங்குப் பெட்டியோடு படி இறங்கினாள். ஹாலில் கைதட்டல். தலைவருக்கு மாலை போடுகிறார்கள் போலும்.

தாதர் ஸ்டேஷன். பெண்கள் வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள் அம்மிணி. நோட்டீஸ் இல்லாமல் உள்ளே விடுவார்களா? விடாவிட்டால் வாசலிலேயே உட்கார்ந்துவிடுவது என்று தீர்மானித்திருந்தாள்.

"அம்மிணீ!"

பிளாட்பாரத்தில், கழுத்தில் சாமந்தி மாலையோடு, மூச்சிரைக்க வெங்கடராமன் ஓடிவந்தார். எந்த ஊர் ராஜாவோ என்று கூலிகள் வழிவிட்டார்கள்.

"நாலாம் பக்கத்தைத் தூக்கிப் பிடிச்சுண்டு படிக்கறேன்... முன் வரிசையிலே எதிர்வீட்டு ஷ்யாமளா எழுந்து, 'மாமா, பின்னாடி மாமி பேர் இருக்கே! இந்தக் கூட்டத்துக்கு மாமி போகலையா?'ன்னு கேட்டுட்டா." ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "வந்த கவரை எல்லாம் நான்தான் பிரிச்சேன். பின்பக்கம் வெள்ளையா இருக்கான்னு பார்த்தேனே தவிர, முன்பக்கத்தைப் படிக்கவே இல்லைடி... நாணுவைப் புளுகன்னேன்..."

காகிதத்தை நீட்டினார்.

"உங்க பிரசங்கம்?"

"நாலாம் பக்கத்தோட நிறுத்திட்டேன். எல்லாரும் கை தட்டினா பாரு... பதினோரு வருஷத்திலே அப்படித் தட்டினதே இல்லை!"

அழுகையோடு அழுகையாகச் சிரித்துவிட்டாள் அம்மிணி. கம்பி வழியே அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"இது நேக்கு முன்னாடியே தெரியும்னா. காலம்பறவே பார்த்தேன்."

"பார்த்தியா? பின்னே ஏன்டி எடுத்துக்கலை?"

அவள் கம்பி வழியே அவர் மாலையைச் சரிசெய்தாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். டென்மார்க்கைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"ருக்கு அக்கா புளியஞ்சாதம் கட்டிக் குடுத்தா" என்று ஒரு பொட்டலத்தை உள்ளே தள்ளினார். "காலம்பறக் கத்தினதுக்காம்."

வண்டி நகர்ந்தது. சாமந்தி மாலை சின்னதாகி மறையும்வரை பார்த்துவிட்டு, அம்மிணி காகிதத்தைத் திருப்பினாள். அவர் கையெழுத்து, கடைசி வரி: 'ஆகவே, சபையோர்களே, நாம் ஒவ்வொருவரும் உடனே கிராமத்துக்குச் சென்று'.

மீதி ஐந்தாம் பக்கத்தில் இருந்தது. அது இல்லாமலே அவள் போய்க்கொண்டிருந்தாள்.