ஊறிவரும் கோடு

சிதம்பரம் தேருக்குப் போய்க் கொண்டுவந்த விபூதியில் மண்ணெண்ணெய் வாடை அடித்தது. ராமாமிர்தம் பொட்டலத்தை மறுபடி முகர்ந்தான். வீட்டில் விறகடுப்புதான், விளக்கும் கரண்ட்டில் எரிவது. ஆனாலும் தலையணையில், மோர்ச் சோற்றில், பட்டம்மாள் உலர்த்தி மடித்த வேட்டியில், போகிற இடமெல்லாம் அந்த வாடை கூடவே வந்தது.

"எனக்கு ஒண்ணும் அடிக்கலியே," என்றாள் பட்டம்மாள். "கெளம்புங்க. இன்னைக்குத் தம்பி ஏரோப்ளேன் ஓட்டுறான். 'மாமா பாத்து வுட்ட சாமான், பயமில்லக்கா'ன்னு சொல்லிட்டுப் போறான்."

ராமாமிர்தம் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

கரும்புக்கு மருந்து தெளிக்கும் சின்ன விமானம் அது. இன்ஜினில் பிஸ்டனோடு சேரும் கனெக்டிங் ராடு வெளிநாட்டிலிருந்து வந்துசேராததால், கடலூர்ப் பட்டறையிலேயே ஒன்று செய்தார்கள். சோதிப்பது ராமாமிர்தத்தின் வேலை. மண்ணெண்ணெயில் ஊறவைத்து, துடைத்து, சாக்பீஸ் பொடி பூசிக் காத்திருக்க வேண்டும். விரிசல் இருந்தால் எண்ணெய் மெள்ளக் கசிந்து, வெள்ளையில் கறுப்புக் கோடாக எழும். சிதம்பரத்துக்குக் கிளம்பிய அன்றைக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது. தேர்வடம் பிடிக்கிற அவசரத்தில், பூசிய கையோடு துடைத்துப் பாஸ் போட்டுவிட்டான். சாமிக்காகத்தானே என்று சமாதானம் வேறு. வெட்கங்கெட்ட சமாதானம்.

நெல்லிக்குப்பத்துக்கு வெளியே பொட்டலில் வெயில் சாய்ந்திருந்தது. ஆலைப்புகையும் கரும்புச் சோகையின் சரசரப்பும் காற்றில் கலந்து வர, மெக்கானிக் சூடாக்கிய இன்ஜினின் உறுமலுக்குள்ளே, யாரோ நகத்தால் தட்டுவது போல ஒரு சத்தம் அவன் காதில் மட்டும் விழுந்துகொண்டே இருந்தது. இன்ஜினை நிறுத்தினார்கள். தட்டல் நிற்கவில்லை.

"பொடி பூசி நல்லா வச்சுப் பாத்தீங்கல்ல?" என்று கேட்டார் பட்டறை முதலாளி யூசுப் பாய்.

சொல்லிவிடலாம். சுற்றிலும் ஆட்கள். மானம் போகும்.

"பாத்துட்டேன் பாய்."

மைத்துனன் சபாபதி சிரித்துக்கொண்டே வந்தான். போட்டோ எடுப்பதற்காக முகமெல்லாம் பவுடர் அப்பியிருந்தான்.

"வரட்டுமா மாமா?"

பேசு. பேசித் தொலை. ராமாமிர்தம் தலையாட்டினான்.

சபாபதியின் நெற்றியில், பவுடருக்கு அடியில், ஏதோ ஈரம். வியர்வை இல்லை. மயிரிழைக் கறுப்பு. மெள்ள இறங்கியது. மூக்கு. உதடு. மோவாய்.

சபாபதி கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தான். துணியில் ஒன்றும் ஒட்டவில்லை. ஏறி உட்கார்ந்து கையசைத்தான். கோடு மறுபடி எழுந்தது. இம்முறை அகலமாக. அதன் இரு பக்கமும் சிரிப்பு தனித்தனியாக நின்றது.

ராமாமிர்தமும் கையைத் தூக்கி அசைத்தான்.