கல்லுக்கடியில் நூல்

ஜம்பேத்தா தீவின் கடல்முனைக் கோட்டைக்கு ஏறி வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. கையில் கணவனுக்குக் கொண்டைக்கடலைச் சட்டி, வயிற்றில் ஏழு மாதப் பிள்ளை. வழியெல்லாம் உதைத்துக்கொண்டே வந்தது.

கோட்டையின் இடிந்த சுவரை அவள் கணவன் மனூசோஸ் பகலில் எழுப்புவான். விடிவதற்குள் விழுந்து கிடக்கும்.

"வா தங்கச்சி. உன் கடலை வாசனைக்காவது இந்தச் செவுரு எந்திரிச்சு நிக்குதான்னு பாப்போம்," என்றார் மூத்த கொத்தனார் ஸ்த்ராத்திஸ்.

சிரித்தபடியே சட்டியை இறக்கித் திரும்பியவள், தரையில் நீண்டு கிடந்த தன் நிழல்மீது அவர் ஒரு வெள்ளை நூலைப் பிடித்திருப்பதைப் பார்த்தாள். அவர் அதைச் சுருட்டி அஸ்திவாரத்தில் போட்டு, கல்லைத் தள்ளி மூடினார்.

நிழலை நூலால் அளந்து, அந்த நூலை அஸ்திவாரத்தில் வைத்தால் சுவர் நிற்கும். நிழலுக்கு உரியவர் நாற்பது நாள் தாண்டமாட்டார். தீவில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. சுவர் எழும்பும் இடத்தில் யாரும் வெயிலுக்கு முதுகு காட்டி நிற்கமாட்டார்கள். பேச்சு சுவாரசியத்தில் அவள் மறந்துவிட்டாள்.

"எடுங்க அண்ணே."

"சேவல் அறுத்தும் நிக்கலையேம்மா..."

"உள்ள ரெண்டு உசிரு இருக்கு. எடுங்க."

மனூசோஸ் கடப்பாரையைக் கொடுத்துக் கல்லைப் புரட்டினான். ஜம்பேத்தா மண்டியிட்டுக் குழிக்குள் கையை விட்டாள். ஈரச் சுண்ணாம்பு வாடை அடித்தது.

விரலில் நூல் சிக்கியது.

இழுத்தாள். வெள்ளை நூலைச் சுற்றிக்கொண்டு இன்னொன்றும் வந்தது. கறுத்து, மக்கிப்போன நூல்.

"இது யாரோடது?" மனூசோஸ் கிசுகிசுத்தான்.

ஸ்த்ராத்திஸ் சிலுவைக்குறி போட்டுக்கொண்டார். "கோட்டைய மொதல்ல கட்டினவங்க வச்சதா இருக்கும். உள்ள போட்டுடு தாயி. சீக்கிரம்."

அதற்குள் அது அவள் விரல்களிலேயே பொடியாகிக் காற்றோடு போய்விட்டது.

கணவனும் மனைவியும் சூரியனை முதுகில் வாங்கிக்கொண்டு ஊரை நோக்கி இறங்கினார்கள். அவள் வெள்ளை நூலை முறுகப் பிடித்திருந்தாள்.

"பயப்படாத. உன்னுது உன் கையிலதான இருக்கு," என்றான்.

அவளுக்கும் போன உயிர் திரும்பி வந்தது போலிருந்தது. குனிந்து பாதையைப் பார்த்தாள்.

அவன் நிழல். அவள் நிழல்.

நடுவில் ஒருத்தி.

"மனூசோ... நிக்காத. நட."

ஈரச் சுண்ணாம்பு வாடை கூடவே வந்தது. ஜம்பேத்தா தன் வயிற்றில் கை வைத்தாள். பிள்ளை அசையவில்லை.

தரையில் அந்த நிழல் மெல்லப் பக்கவாட்டில் திரும்பியது. அதன் வயிறு மேடாக இருந்தது.

அந்த மேட்டின் உள்ளிருந்து ஏதோ உதைத்தது.