கடைவாய் ஓரத்தில் ஈரம்

செவ்வாய்க்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தபோதுதான் பல்செட்டுக் கட்டும் செட்டுக்காரர் அதைக் கவனித்தார். செத்துப்போன மனைவியின் வாய் அச்சு ஈரமாக இருந்தது.

பிளாஸ்டரில் வார்த்த அச்சு. மேல்வரிசை ஒன்று, கீழ்வரிசை ஒன்று. ஒரு நாள் காய்ந்தாலே கல்லாகிவிடும் சாமான், இரண்டு வருஷம் கழித்து ஈரம் விடுமா? தினமும் அதை அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்துத் தூசி துடைத்து வைப்பது அவர் வழக்கம். அன்றைக்கு இடது கடைவாய் ஓரத்தில் விரல் பட்டதும் சில்லென்றது. இல்லை, சில்லென்று இல்லை. வெதுவெதுவென்று இருந்தது. "சுவர் ஓதமா இருக்கும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு சட்டை நுனியால் துடைத்து மூடினார்.

வீட்டு முன்னறைதான் அவருக்குப் பட்டறை. சுற்றிலும் பலகைத் தட்டுகள். தட்டு நிறைய ஊரார் வாய்கள். எதிர்சாரி பல் டாக்டரம்மா அளவெடுத்து அனுப்புவார். இவர் வார்த்து, மெழுகு பிடித்து, பல் அடுக்கிச் செட்டுக் கட்டி அனுப்புவார். "பல்லு போனா சொல்லு போச்சும்பாங்க. போன சொல்லைத் திருப்பித் தர்றவன் நான்" என்று ஜம்பம் வேறு. முப்பது வருஷத்தில் ரத்தமும் சதையுமான வாய் ஒன்றுக்குள் அவர் குனிந்து பார்த்ததே கிடையாது. வாய் என்றால் அவருக்குப் பிளாஸ்டர்தான்.

பாவி மனுஷன் கோட்டைவிட்டது அங்கேதான்.

"பல்லு தேய்ச்சா ரத்தம் வருதுங்க" என்று மனைவி முதலில் சொன்னபோது, "அந்தப் பக்கம் தேய்க்காம விடு, தானா ஆறிடும்" என்றார். தேய்க்காத இடத்தில் அழுக்குச் சேர்ந்தது. சேர்ந்த அழுக்கு காரையாக இறுகியது. ஈறு பல்லை விட்டுக் கழன்றது. வலி என்றாள், கிராம்புத் தைலம் வாங்கிக் கொடுத்தார். "எதிர்ல ஒரு எட்டு போய்க் காட்டிட்டு வரட்டுமா?" என்று கேட்டாள். "செட்டுக்காரன் பொண்டாட்டி ஈறு வலின்னு போய் நின்னா என் மானம் என்னாகிறது? நானே பாக்கிறேன்" என்று, வாய்க்குள் பார்க்காமலே மெழுகைக் கடிக்கச் சொல்லி வீட்டிலேயே அளவெடுத்து வார்த்தார். ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கல்லு மாதிரி இருக்கு. ஒண்ணுமில்ல, போ."

பிளாஸ்டரில் சிவப்புத் தெரியுமா? சீழ் தெரியுமா? நாற்றம்தான் வருமா? நாற்றம் அவளிடமிருந்து வந்தது. இவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவளோ புருஷன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினாள். கடைசியில் தாடைக்கு அடியில் வீங்கி, வாய் பூட்டிக்கொண்டு, வீக்கம் கழுத்துக்கு இறங்கித் தொண்டையை அடைத்து, ஆஸ்பத்திரி வாசலிலேயே மூச்சு நின்றது. அந்த அச்சைத்தான் மனுஷன் தினமும் துடைத்துக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை ஈறு வரிசையில் மெலிதாக ஒரு சிவப்பு. மெழுகு ஒட்டியிருக்கும் என்று கத்தி முனையால் சுரண்டினார். உதிர்ந்த தூளும் சிவப்பு. சுரண்டிய பள்ளத்தில் நிதானமாக ஈரம் ஊறி நிறைந்தது. அவர் கத்தியைக் கீழே வைத்தார். அறைக்குள் பிளாஸ்டர் நெடியையும் மெழுகு வாசனையையும் தாண்டி வேறொரு வாடை எழுந்து மூக்கில் ஏறியது. அவருக்கு அது தெரிந்த வாடை.

வியாழக்கிழமை மகள் வந்தாள். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு.

"என்னப்பா, மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு?" என்றவள் மேஜைமேல் இருந்த அச்சைக் கையில் எடுத்தாள். "ஈரமா இருக்கே, கழுவினீங்களா?"

"ம்" என்றார்.

அவள் விரலை முகர்ந்தாள். எழுந்து பின்கட்டுக்குப் போனாள். குழாய் வெகுநேரம் ஓடியது. திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது.

"அம்மா வாசனைப்பா. அந்தக் கடைசி வாரத்து வாசனை. தயவுசெய்து இதைத் தூக்கிப் போட்டுடுங்க."

"எப்படிம்மா போடுவேன்? உங்கம்மாவாச்சே."

மகள் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் கிளம்பிப் போனாள்.

அன்றைக்குச் சாயங்காலமே செட்டுக்காரர் கடைக்குப் போய் மெத்தென்ற பிரஷ் ஒன்று வாங்கி வந்தார். இந்தத் தடவை அவளை விடக்கூடாது, எப்படியாவது காப்பாற்றிவிட வேண்டும் என்று மனசுக்குள் ஒரு வெறி. பிரஷ்ஷை ஈறும் பல்லும் சேருகிற இடத்தில் சாய்வாக வைத்து, அழுத்தாமல், சின்னச் சின்ன வட்டமாகத் தேய்த்தார். உள்பக்கம் தேய்த்தார். பல் இடுக்கில் நூல் விட்டு எடுத்தார். கிண்ணத்துத் தண்ணீர் சிவந்தது. "வலிக்குதா? இன்னும் கொஞ்சம்தான், பொறுத்துக்கோ" என்றார். அவள் இருந்தபோது ஒரு தடவையாவது இப்படிக் கேட்டிருக்கலாமே என்று நினைத்ததும் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

வெள்ளி, சனி, ஞாயிறு. காலையும் மாலையும் தேய்த்தார். தண்ணீர் ரோஜா நிறமாயிற்று, பிறகு வெறும் தண்ணீராயிற்று. எதிரே டாக்டரம்மாவிடம் காட்டலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. பிளாஸ்டரைத் தூக்கிக்கொண்டு போனால் தெருவே சிரிக்காதா? அதுதான் ஆறிக்கொண்டு வருகிறதே! திங்கட்கிழமை ரத்தமே இல்லை. இரண்டு வருஷத்துக்கப்புறம் அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டார். அச்சைத் தலைமாட்டில் வைத்து, அதைப் பார்த்தபடி படுத்தார்.

செவ்வாய்க்கிழமை காலை மேஜைமேல் வைத்தபோது அச்சு ஆடியது.

அடியைத் தட்டையாகச் சீவியது அவர்தான். ஆடக் காரணமில்லை. திருப்பிப் பார்த்தார். தாடைக்கு அடியில் பிளாஸ்டர் புடைத்திருந்தது. வழவழப்பாக. பளபளவென்று. தொட்டார். கொதித்தது. அழுத்தினார். விரல் பதிந்தது.

வாயைத் திறக்கப் பார்த்தார். மேல்வரிசையும் கீழ்வரிசையும் தனித்தனி அச்சுகள். இப்போது ஒன்றாய் இறுகிக் கிடந்தன. பிரஷ் நுழையவில்லை. நகம் நுழையவில்லை. பல் சந்து வழியாக மட்டும் ஏதோ வந்தது. சூடாக. நின்று. மறுபடி.

மூச்சு.

மானமாவது மண்ணாங்கட்டியாவது! நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினார். பளீரென்ற வெயில். செருப்பில்லை. தெரு நின்று பார்த்தது. சட்டை நனைந்தது. டாக்டரம்மா வாசலில் கன்னத்தைப் பிடித்தபடி காத்திருந்த ஒருவர் அந்த வலியிலும் சிரித்துவிட்டார்.

"டாக்டரம்மா, பாருங்க. என் சம்சாரம். வாய் பூட்டிக்கிச்சு."

டாக்டரம்மாவுக்கு அவர் கதை தெரியும். "வாங்க செட்டுக்காரரே, முதல்ல உக்காருங்க" என்றார் இரக்கத்தோடு.

"ஒரே ஒரு தடவை பாருங்கம்மா. உங்க காலைப் பிடிச்சுக்கிறேன்."

அவர் மனசாறட்டுமே என்று டாக்டரம்மா அச்சை நாற்காலியின் தலைப்பகுதியில் வைத்தார். கைப்பழக்கத்தில், நோயாளியின் நெஞ்சு வருகிற இடத்தில் நீலத் துணியை விரித்தார். விளக்கை இழுத்துக் குனிந்தார்.

நிமிரவில்லை.

"எத்தனை நாளா இப்படி?" குரல் மாறியிருந்தது.

"ஒரு வாரமா. நல்லாத் தேய்ச்சுவிட்டேன்மா. ரத்தம்கூட நின்னுடுச்சு."

"உள்ள சீழ் கட்டின பிறகு மேல தேய்ச்சு என்ன பண்றது? அன்னிக்கே தூக்கிட்டு வந்திருந்தா கீறி விட்டிருப்பேனே. எதிர்லதானே இருக்கேன்!"

கருவித்தட்டை இழுத்தார். இழுத்த வேகத்தில் கருவிகள் தரையில் சிதறின. பல் இடுக்கில் இரும்பை நுழைத்து நெம்பினார். திறக்கவில்லை. உள்ளே விசில் மாதிரி ஒரு சத்தம் மெலிந்துகொண்டே வந்தது.

"ஏதாவது பண்ணுங்கம்மா."

டாக்டரம்மா பின்னால் நகர்ந்தார். அவர் பார்த்தது வாயை அல்ல, துணியை.

துணிக்குக் கீழே வெறும் நாற்காலிதான். தட்டையாக விரித்த துணி நெஞ்சளவுக்கு உப்பி மேலே ஏறியது. இறங்கியது. ஏறியது. இறங்கியது. செட்டுக்காரர் அதன்மேல் கை வைத்தார். இன்னொரு தடவை, மெதுவாக, அவர் உள்ளங்கையைத் தூக்கிக்கொண்டு ஏறியது. விசில் சத்தம் நின்றது. இருவரும் காத்திருந்தார்கள்.

இறங்கவில்லை.