மூன்று சுற்றுக் கருடன்

குடமுழுக்கு என்றால் கலசத்துக்கு மேலே கருடன் வட்டமிட வேண்டும். செவ்வாய்க் கோளில் கருடனுக்கு எங்கே போவது? அதனால் எட்டாம் வளிக்குமிழின் பெருமாள் கோயிலில் பொறிக்கருடனை முந்தைய நாளே மின்னேற்றி வைத்துவிடுவார்கள். குறித்த நொடியில் பறந்து, மூன்று சுற்று முடித்து, தானே போய் அலமாரிக்குள் உட்கார்ந்துகொள்ளும். நாற்பது வருடமாக அதன்மேல் யாரும் ஒரு குறை சொன்னதில்லை.

இந்த முறை மண்டபத்தில் ஒரு கூண்டு. உள்ளே நிஜக் கருடன். பூமியிலிருந்து உறைய வைத்து வந்த கருவைப் பொரிக்க வைத்து, வெள்ளைத் தலையும் செம்பழுப்புச் சிறகுமாக அதை வளர்த்தவள், உயிரினங்களை வளர்க்கும் உயிரகத்தின் காப்பாளர் சிந்தாமணி. ஆறு வருடம், ஒரு நாள் விடுப்பு கிடையாது. குமிழுக்குள் காற்று அளந்துதான் கிடைக்கும். பறவையின் மூச்சுப் பங்கு இன்றோடு முடிகிறது. ஊர் அதைக் கருடனாக ஏற்றுக்கொண்டால் ஆயுளுக்கும் பங்கு உண்டு. இல்லையென்றால் சாயங்காலமே குளிரில் உறைய வைக்கும் உறையறை. அங்கே போன எதுவும் உயிரோடு திரும்பியதில்லை.

"மூணு சுத்து சுத்திருமாம்மா?" என்றார் தர்மகர்த்தா நாச்சியப்பன்.

"அதுக்கு எண்ணத் தெரியாதுங்க. பறக்கத் தெரியும்." அவளுக்குப் பேசவே அலுப்பாக இருந்தது.

மேளம் முழங்கியது. கூண்டைத் திறந்தாள். கருடன் எழும்பி ஒரு சுற்று வந்தது. என்ன அழகான சுற்று! சிந்தாமணிக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டாவது சுற்றில், பயிர்ப்பாத்தியில் ஓடிய எலி அதன் கண்ணில் பட்டது. பாய்ந்து கவ்வியது, நேரே கலசத்தின் மேல் போய் உட்கார்ந்தது, நிதானமாகக் கிழித்துத் தின்றது. போதாததற்கு எச்சமும் இட்டது.

"ஐயையோ, கலசத்துல! அந்தக் காக்காயை யாராச்சும் விரட்டுங்கப்பா!" என்று ஒரு குரல் அலறியது.

அவசரமாக அலமாரியைத் திறந்து பொறிக்கருடனை விட்டார்கள். மூன்று சுற்று, இம்மி பிசகவில்லை. "கோவிந்தா!" என்று கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. விரட்டிவிட்ட கருடன் கூண்டின்மேல் உட்கார்ந்து, கழுத்தைச் சாய்த்து, அந்தப் பொறியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

சாயங்காலம் நாச்சியப்பன் உயிரகத்துக்கு வந்தார். சிந்தாமணியால் எழுந்திருக்கக்கூட முடியவில்லை. ஆறு வருட அசதி மொத்தமும் காலில் இறங்கியிருந்தது. மனம் மாறித்தான் வந்திருக்கிறாரோ என்று ஒரு கணம் நம்பினாள், பாவம்.

"மனசுல வெச்சுக்காதீங்கம்மா. ஊர்ல ஒத்துக்க மாட்டேங்கறாங்க," என்றவர் கூண்டைப் பார்த்தார். "ஒரு உதவி. நம்ம அலமாரிக் கருடனுக்கு இறகெல்லாம் உதிர்ந்து பழசாயிருச்சு. உறையறைக்கு அனுப்பறதுக்கு முன்னாடி இதோட இறகைக் கொஞ்சம் பிடுங்கிக் கொடுத்தீங்கன்னா ஒட்டிக்குவோம். பார்க்கத் தத்ரூபமா இருக்கும்."